காமிக்ஸ் வேலைக்கு ஓவிய மாணவர்களைத் தயார்செய்வது எப்படி

உங்கள் வகுப்பில் பிரமாதமாக வரைகிற பிள்ளைகள் இருப்பார்கள். உடற்கூறு தெரியும், வாட்டர்கலர் கைவந்திருக்கும், ஆள் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் சாயலைப் பிடித்துவிடுவார்கள். அவர்களில் ஒருவரிடம், "ஒரு அம்மா கடைசி பஸ்ஸைத் தவறவிடுகிறார், இதை ஒரே பக்கத்தில் ஆறு கட்டங்களில் சொல்லு, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அழகான ஒரு படமும் அதைச் சுற்றி ஒப்புக்கு ஐந்து கட்டங்களும் வரும், அதுவும் அடுத்த புதன்கிழமைதான். காமிக்ஸுக்கு ஆள் தேடுகிறவர்கள் பார்ப்பது கதை புரிகிறதா, சொன்ன தேதியில் வந்ததா என்பதைத்தான். அதனால் கடைசி இரண்டு செமஸ்டரை இந்த இரண்டுக்கும் ஒதுக்குங்கள்.

முதலில் பெரிய கனவை ஒத்திப்போடச் சொல்லுங்கள். இருபது வயதில் எல்லோருக்கும் 200 பக்க கிராஃபிக் நாவல் (நாவல் நீளப் படக்கதை) ஒன்று மனதில் இருக்கும், அதைத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடும். ஒரு பக்கக் கதை, அப்புறம் நாலு பக்கம், அப்புறம் எட்டுப் பக்கம், ஒவ்வொன்றும் முழுதாக முடிந்திருக்க வேண்டும். எட்டு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: இரண்டு ஏ4 தாளை இருபுறமும் அச்சடித்து நடுவில் மடித்துப் பின் அடித்தால் எட்டுப் பக்க ஏ5 புத்தகம் கையில் வந்துவிடும், செலவு ஜெராக்ஸ் கடைக் காசுதான்.

ஒவ்வொரு கதைக்கும் தீப்பெட்டி அளவு தம்ப்நெயில்களாக, அதாவது குட்டிக் கிறுக்கல்களாக, முழுக் கதையையும் போடவைத்து, வசனம் இல்லாமல் வகுப்பில் இன்னொருவரிடம் கொடுத்து என்ன நடக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் எங்கே திணறுகிறாரோ அங்கே ஒரு கட்டம் குறைகிறது, அல்லது கோணம் குழப்புகிறது. கிறுக்கலில் இருக்கும்போது ஒரு கட்டத்தை மாற்ற ஒரு நிமிஷம் போதும், இங்க் போட்டபிறகு ஒரு நாள் போய்விடும். தம்ப்நெயில் தேறாதவரை நல்ல தாளைத் தொடக் கூடாது என்று கறாராக இருங்கள், பிள்ளைகள் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

பின்னணியையும் கவனியுங்கள். மாங்கா என்ற ஜப்பானிய காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள் பழக்கத்தில் ஜப்பான் பள்ளிக்கூட வராந்தாவையே வரைவார்கள், மதுரையில் நடக்கிற கதையிலும் ஜன்னல் அப்படித்தான் இருக்கும். வாரம் ஒரு மதியம் நோட்டோடு வெளியே அனுப்புங்கள்: டவுன் பஸ்ஸின் உள்பக்கம், டீக்கடை பாய்லர், ரேஷன் கடை வரிசை, வீட்டு அடுப்படி. பின்னாளில் சினிமாவுக்கோ விளம்பரத்துக்கோ ஸ்டோரிபோர்டு (எடுக்கப்போகும் காட்சிகளை முன்கூட்டிக் கட்டம் கட்டமாகக் காட்டும் படங்கள்) வரையப் போனாலும் இந்த நோட்டுகள்தான் கைகொடுக்கும்.

வகுப்பில் அதிகம் கண்டுகொள்ளப்படாத விஷயம் தமிழ் லெட்டரிங், அதாவது வசனத்தைப் படத்துக்குள் எழுதுவது. ஆங்கில காமிக்ஸ் பார்த்துப் பழகியவர்கள் வசனத்தைச் சுற்றிப் போடும் பலூனை அதே அளவில் போட்டுவிட்டு, கடைசியில் வசனத்தை அதற்குள் திணிப்பார்கள். ஆங்கிலப் பலூனில் பெரும்பாலும் எல்லாம் பெரிய எழுத்து, மேலேயும் கீழேயும் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது, சொற்களும் குட்டி. நமக்கோ 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்ற ஒரே சொல் வரி முழுவதையும் அடைத்துக்கொள்ளும், மேல் வரியில் ஒரு 'மு' இறங்க, கீழ் வரியில் ஒரு 'கி' ஏற, இரண்டும் முட்டாமல் இருக்க வரிகளுக்கு நடுவே கூடுதல் இடம் வேண்டும். ஆகவே வசனம் முதலில், பலூன் அடுத்து, படம் அதற்குப் பிறகு. தம்ப்நெயிலிலேயே பலூனுக்கு இடம் ஒதுக்கி, முதலில் பேசுகிறவரை இடப்பக்கம் நிறுத்தப் பழக்குங்கள். நீளமான சொல்லைக் கண்ட இடத்தில் வெட்டுவதைவிட வசனத்தையே மாற்றலாம். 'வந்துட்டிருக்காங்க' என்றால் பலூனும் சின்னதாகும், ஆள் பேசுவது போலவும் இருக்கும்.

கணினியில் இன்னொரு தொல்லை. சில வரைகலை மென்பொருள்களில் தமிழ் யூனிகோட் உடைந்து, 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் சிதறி நிற்கும். ஃபோட்டோஷாப்பில் இந்திய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும், சரியாகாத மென்பொருள் என்றால் எழுத்தை வேறு இடத்தில் அமைத்து அவுட்லைனாக (எழுத்தாக இல்லாமல் வெறும் வடிவமாக) மாற்றிக் கொண்டுவர வேண்டும். கையெழுத்து நன்றாக உள்ள மாணவர் யாராவது இருந்தால் கையாலேயே எழுத விடுங்கள், கையால் எழுதிய தமிழில் இருக்கும் உயிர் எந்த ஃபாண்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஒற்றுப் பிழை பார்க்க மட்டும் வேறொரு கண் வேண்டும்.

அச்சுக்கு அனுப்ப வண்ணப் பக்கம் 300 டிபிஐ (ஒரு அங்குலத்தில் எத்தனை புள்ளி என்ற கணக்கு), கறுப்பு வெள்ளைக் கோடு என்றால் 600, நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும்போது போய்விடுவதற்காக ஓரத்தில் கூடுதலாக நீளும் படம்), நிறம் அச்சு மைகளுக்கான நான்கு நிற முறையான சிஎம்ஒய்கே. திரையில் பளபளக்கும் பச்சை தாளில் மங்கிப்போவதை மாணவர்கள் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும்.

சரி, வேலை எங்கே இருக்கிறது? இதில் பிள்ளைகளிடம் உண்மையைப் பேசுங்கள். அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் வரைந்த சங்கர் சென்னை எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்தவர், ஆனந்த விகடனில் வரைந்த கோபுலு கும்பகோணத்தில் படித்தவர். அன்று ஒரு பத்திரிகைக்குள் போய் உட்கார்ந்தால் அங்கேயே ஒரு வாழ்நாள் வேலை பார்க்க முடிந்தது. இன்று அப்படிப்பட்ட நாற்காலிகள் மிகக் குறைவு. சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸ் பெரும்பாலும் வெளிநாட்டுக் கதைகளின் மொழிபெயர்ப்பு. ஆகவே வருமானம் ஸ்டோரிபோர்டு, அனிமேஷன், துளிகா, தாரா போன்ற சென்னைப் பதிப்பகங்கள் போடும் சிறுவர் புத்தகங்கள், பாடநூல்கள், தொண்டு நிறுவனங்களின் விழிப்புணர்வுக் கதைகள் என்று நாலா பக்கமிருந்தும் வரும். கோபுலுவே பத்திரிகையிலிருந்து விளம்பரத் துறைக்குப் போனவர்தான், அதில் ஒரு குறைவும் இல்லை.

இதனால் ஒரே போர்ட்ஃபோலியோவை (மாதிரி வேலைகளின் தொகுப்பை) எல்லோருக்கும் அனுப்பக் கூடாது. காமிக்ஸ் ஆசிரியருக்குத் தொடர்ச்சியான பக்கங்கள் வேண்டும், தனித்தனிப் போஸ்டர் வேண்டாம். சிறுவர் பதிப்பகத்துக்கு ஒரே குழந்தை பத்துக் காட்சிகளிலும் அதே குழந்தையாகத் தெரிய வேண்டும். ஸ்டோரிபோர்டு கேட்பவர் வேகமான பென்சில் ஃபிரேம்களைப் பார்ப்பார். பத்துப் பன்னிரண்டு பக்கம் போதும், பிரபலக் கதாபாத்திரங்களைப் பார்த்து வரைந்தவற்றை எடுத்துவிடுங்கள்.

பணமும் உரிமையும் பாடத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 சொல்வதில் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. மாதச் சம்பளத்தில் வேலையாக வரைந்ததன் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பொதுவாக முதலாளிக்கு. பத்திரிகை என்றால் முதலாளியின் உரிமை பத்திரிகைப் பிரசுரத்தோடு நிற்கும், மற்ற உரிமைகள் வரைந்தவருக்கு. காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்தில், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், உரிமை வரையச் சொன்னவருக்கே போய்விடலாம். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். கேரளத்தில் போபனும் மோளியும் என்ற கார்ட்டூனை வரைந்த டாம்ஸ், பத்திரிகை வேலையிலிருந்து விலகிய பிறகு அந்தப் பாத்திரங்களைத் தொடர்ந்து வரையலாமா என்பது 1980களின் கடைசியில் உயர் நீதிமன்றம் வரை போனது. வேலையில் சேரும் முன்பே அவர் உருவாக்கிய பாத்திரங்கள் என்பதால் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. இந்த வழக்கை வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுங்கள், பிறகு ஒரு ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்து எந்த வரியில் கையெழுத்துப் போடுவீர்கள், எதை மாற்றச் சொல்வீர்கள் என்று கேளுங்கள்.

ரேட் பேசவும் பழக வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு, அதில் பென்சில், இங்க், வண்ணம் தனித்தனியாக எவ்வளவு, இலவசத் திருத்தம் இரண்டு முறை, பாதிப் பணம் அட்வான்ஸ் என்று மின்னஞ்சலில் எழுதிய பிறகே கோடு போட வேண்டும். நீங்களே ஒரு செமஸ்டருக்கு ஆசிரியராக நடித்து, நடுவில் கதையை மாற்றி, "நாளைக்கே வேணும்" என்று நெருக்கி, அவர்கள் எப்படிப் பதில் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். பான் எண், பில் போடுவது, பணம் தருபவர் முன்கூட்டியே பிடித்த வரியான டிடிஎஸ்ஸை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறுவது எல்லாம் ஒரு வகுப்பில் முடிந்துவிடும்.

கடைசியாக, வேலை கேட்டு எழுதும் கடிதம். யார், என்ன வரைவேன், எப்போதிலிருந்து கிடைப்பேன் என்று நாலு வரி, திறக்கச் சிரமமில்லாத சின்ன பிடிஎஃப் ஒன்று, தொலைபேசி எண். இதை வகுப்பிலேயே எழுதவைத்து, உங்கள் கண் முன்னாலேயே அனுப்பவைத்துவிடுங்கள், வீட்டுக்குப் போனால் பலர் அனுப்புவதில்லை. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து மரியாதையாக ஒரு நினைவூட்டல் போடட்டும், அதற்குள் அடுத்த எட்டுப் பக்கக் கதையின் தம்ப்நெயில் பாதியாவது முடிந்திருக்கும்.