இங்கிலீஷ் ஏல் ஈஸ்ட் கிடைக்கலையா? எங்க தேடலாம், பதிலுக்கு எதைப் போடலாம்

பிட்டர், மைல்ட், போர்ட்டர்னு இங்கிலாந்தோட ஏல் வகை பியரை வீட்ல ப்ரூ பண்ண ஆரம்பிக்கிற பல பேர் ஒரே இடத்துல வந்து முட்டிக்கிட்டு நிப்பாங்க, ரெசிப்பில வையீஸ்ட் 1968னு (வையீஸ்ட் திரவ ஈஸ்ட் விக்கிற கம்பெனி, 1968 அதுல ஒரு ஈஸ்டோட நம்பர்) போட்டிருக்கும், கடையில கேட்டா ஸ்டாக் இல்லம்பாங்க, சரி எல்லாம் ஏல் ஈஸ்ட்தானேன்னு கைக்குக் கிடைச்ச பாக்கெட்டை வாங்கிப் போட்ருவாங்க. தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. அமெரிக்கன் பேல் ஏல்ல ஈஸ்ட் ஒதுங்கி நின்னு ஹாப்ஸுக்கு (கசப்பும் வாசனையும் குடுக்கிற பூ) வழி விட்ரும், ஆனா இங்கிலீஷ் பிட்டர்ல அந்தப் பழ வாசனை, வாயில நிக்கிற மால்ட் (முளைகட்டி உலர்த்துன பார்லி) ருசி இதுல பெரும்பங்கு ஈஸ்ட் குடுக்கிறதுதான்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சட்டத்தைச் சொல்லிடுறேன். பிரிட்டன்ல 1963-ல இருந்து சொந்த உபயோகத்துக்கு லைசென்ஸ் இல்லாமலே ப்ரூ பண்ணலாம், விக்கத்தான் கூடாது. தமிழ்நாட்டுல லைசென்ஸ் இல்லாம காய்ச்சுறதே குற்றம், அதனால ஊர்ல இருந்து படிக்கிறவங்க விஷயத்தைத் தெரிஞ்சுக்கிறதோட நிறுத்திக்கோங்க.

முதல் வேலை: ரெசிப்பில இருக்கிறது எந்தக் குடும்பம்னு பாருங்க

நம்பரைப் பாத்து பயப்பட வேணாம். வையீஸ்ட் 1968-ம், வைட் லேப்ஸ்ங்கிற இன்னொரு திரவ ஈஸ்ட் கம்பெனியோட 002-ம் லண்டன் சிஸ்விக்ல இருக்கிற ஃபுல்லர்ஸ் ப்ரூவரியோட ஈஸ்ட்னு ஹோம்ப்ரூ ஆளுங்க ரொம்ப காலமா சொல்லிட்டு வர்றாங்க. 1469 யார்க்‌ஷயர்ல கீத்லியில இருக்கிற டிமோத்தி டெய்லர் ப்ரூவரியோடது, 1318 பாடிங்டன்ஸ் ப்ரூவரியோடதுன்னு பேச்சு. வையீஸ்ட் 1098, வைட் லேப்ஸ் 007, அப்புறம் எல்லா கடையிலயும் கிடைக்கிற சேஃபேல் எஸ்-04ங்கிற உலர் ஈஸ்ட், இந்த மூணையும் விட்பிரெட்ங்கிற பழைய இங்கிலீஷ் ப்ரூவரியோட வழின்னு சொல்வாங்க. ஒரே குடும்பத்துக்குள்ள மாத்துறது ரொம்ப சுலபம், 1968 இல்லேன்னா 002 வாங்குங்க, வேற எதையும் மாத்த வேணாம்.

ரெண்டாவது: ஈஸ்ட் எவ்வளவு சக்கரை சாப்பிடும்?

பேரை விட இதுதான் முக்கியம், இங்க கொஞ்சம் நிதானமா படிங்க. ஈஸ்ட் எவ்வளவு சக்கரையைத் தின்னு தீர்க்குதுங்கிறதை அட்டென்யுவேஷன்னு சொல்வாங்க. 1968 சுமார் 67-லிருந்து 71 சதவீதம் வரைக்கும்தான் போகும், எஸ்-04 சாதாரணமா 75-ஐத் தாண்டிரும். கணக்கு போட்டுப் பாருங்க, 1.050 கிராவிட்டியில (தண்ணியை 1.000-னு வச்சா எவ்வளவு அடர்த்திங்கிற அளவு) ஆரம்பிச்ச பியர் 1968 போட்டா 1.016 பக்கத்துல நின்னு 4.5 சதவீத ஆல்கஹால் வரும், எஸ்-04 போட்டா 1.012 வரைக்கும் இறங்கி 5 சதவீதம் ஆயிரும். அதே மால்ட், அதே ஹாப்ஸ், ஆனா ரெண்டாவது பியர் மெலிசா, வறண்டு போய் இருக்கும், கசப்பும் தூக்கலா தெரியும்.

லாலமண்ட் கம்பெனியோட உலர் ஈஸ்ட் வின்ட்சர், லண்டன் (முன்னாடி லண்டன் ஈஎஸ்பின்னு பேர்) ரெண்டும் இதுக்கு நேர் எதிர். வோர்ட்ல, அதாவது மால்ட் ஊறவச்சு எடுத்த இனிப்புத் தண்ணியில, மால்டோட்ரையோஸ்னு ஒரு சக்கரை இருக்கு, அதை இந்த ரெண்டும் தொடாது. அதனாலதான் வின்ட்சர் போட்ட பலர் 1.018-ல நின்னுருச்சு, ஃபெர்மென்ட் பாதியில செத்துருச்சுன்னு பதறுறாங்க. செத்துப் போகலைங்க, அதோட வேலை அவ்வளவுதான்.

மூணாவது: எங்க கிடைக்கும்

புதுசா வர்றவங்க உலர் ஈஸ்ட்லயே ஆரம்பிங்கன்னுதான் சொல்வேன். 11 கிராம் பாக்கெட் ஒண்ணு 23 லிட்டர் பிட்டருக்குப் போதும், வெயில்ல கூரியர்ல வந்தாலும் அவ்வளவு சீக்கிரம் கெடாது. திரவ ஈஸ்ட் வாங்குனா தயாரிச்ச தேதியைப் பாருங்க, கோடைக்காலம்னா ஐஸ் பேக் போட்டு அனுப்பச் சொல்லுங்க, பழைய பாக்கெட்னா கண்டிப்பா ஸ்டார்ட்டர் போடணும், அதாவது ஈஸ்டை முன்கூட்டியே கொஞ்சம் வளர்த்துக்கணும், ஒரு லிட்டர் தண்ணிக்கு 100 கிராம் ட்ரை மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (மால்ட் சாறைக் காயவச்ச பொடி) போட்டுக் கொதிக்க வச்சு, ஆறினதும் ஈஸ்டை விட்டு, ரெண்டு நாள் அப்பப்போ குலுக்கி விடுங்க.

பிரிட்டன்ல இருக்கிறவங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கு, பக்கத்துல இருக்கிற சின்ன ப்ரூவரியில போய் மரியாதையா கேளுங்க. அவங்க ஒவ்வொரு தடவையும் எக்கச்சக்கமா ஈஸ்டை வெளிய கொட்டுறாங்க, சானிடைசர்ல கழுவுன ஜாடியோட போனா பல பேர் சந்தோஷமா ஊத்திக் குடுப்பாங்க, முன்னாடியே ஃபோன் பண்ணிட்டுப் போங்க.

பாட்டில்ல இருந்தும் வளர்க்கலாம். லேபிள்ல பாட்டில் கண்டிஷண்ட்னு (பாட்டிலுக்குள்ளயே உயிரோட ஈஸ்ட் இருக்குன்னு அர்த்தம்) இருக்கணும், அடியில வண்டல் தெரியணும், ஃபுல்லர்ஸ் 1845 இதுக்குப் பேர் போனது. பியரை மெதுவா ஊத்திட்டு அடி வண்டலை மட்டும் பாட்டில்லயே விடுங்க, பாட்டில் வாயை லைட்டர்ல காட்டிட்டு, 100 மில்லிக்கு 5 கிராம் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் போட்டுக் கொதிக்க வச்சு ஆறவச்ச தண்ணியை உள்ள விட்டு, ஃபாயில் பேப்பரால மூடிருங்க. நுரை வந்ததும் அரை லிட்டர், அப்புறம் ஒரு லிட்டர்னு ஏத்திட்டே போங்க. புளிச்ச வாடை அடிச்சா யோசிக்காம கொட்டிருங்க. சில கம்பெனி பாட்டிலுக்குன்னு வேற ஈஸ்டைப் போடுவாங்க, அதை முன்கூட்டியே விசாரிச்சுக்கோங்க.

நாலாவது: மாத்திப் போடும்போது ரெசிப்பியைச் சரி பண்ணுங்க

1968-க்குப் பதிலா எஸ்-04 போடுறீங்களா, மால்ட் ஊறவைக்கிற சூட்டை 66-லிருந்து 68, 69 டிகிரிக்கு ஏத்துங்க, ஈஸ்ட் தின்ன முடியாத சக்கரை கூடுதலா வந்து பியர்ல கனம் நிக்கும். வின்ட்சர் போடுறீங்கன்னா 64, 65-க்கு இறக்குங்க. மைல்டுக்கு எனக்கு வின்ட்சர்தான் பிடிக்கும், 3.5 சதவீத பியருக்கு அந்த மிச்ச இனிப்பு ரொம்ப நல்லா கனம் குடுக்கும். வின்ட்சரோட பழ வாசனையும் வேணும், நல்லா இறங்கவும் வேணும்னா முதல்ல வின்ட்சர் போட்டு ரெண்டு நாள் கழிச்சு லாலமண்டோட இன்னொரு உலர் ஈஸ்டான நாட்டிங்ஹாமை அரை பாக்கெட் போடுங்க. நாட்டிங்ஹாம் மட்டும் தனியா போட்டா சுத்தமா இருக்கும், ஆனா பிட்டருக்குச் சப்புன்னு இருக்குங்கிறது என் அபிப்ராயம். 1469-க்கு மட்டும் உலர் ஈஸ்ட்ல எனக்குத் திருப்தியான மாற்று கிடைக்கல, அதுக்குக் காத்திருந்து வாங்குங்க.

அஞ்சாவது: சூடும் வண்டலும்

18 டிகிரியில ஆரம்பிச்சு 20-க்கு விடுங்க. இந்த ஈஸ்ட்ல பலதும் வேலை முடியுறதுக்குள்ள கட்டி கட்டியா அடியில படுத்துரும், டாட்காஸ்டர்ல சாமுவேல் ஸ்மித் ப்ரூவரியில கல் தொட்டிக்குள்ள பியரையும் ஈஸ்டையும் திரும்பத் திரும்ப பம்ப் பண்ணிக் கலக்குறதே இதனாலதான். நீங்க மூணாம் நாள்ல இருந்து பக்கெட்டை மெதுவா ஆட்டி விட்டாலே போதும், மூடியைத் திறக்காதீங்க. கடைசியில ரெண்டு மூணு நாள் 21 டிகிரியில வைங்க, இல்லேன்னா டைஅசிட்டைல்னு ஒரு வெண்ணெய் வாடை தங்கிரும்.

பாட்டில் பண்ணி முடிச்சதும் அடியில இருக்கிறதைக் கொட்டிராதீங்க, தயிருக்கு உறை எடுத்து வைக்கிற மாதிரி ஒரு ஜாடி எடுத்து ஃப்ரிட்ஜ்ல வைங்க, மூடியை இறுக்க வேணாம், கேஸ் சேர்ந்தா ஜாடி வெடிக்கும். ரெண்டு மூணு வாரத்துக்குள்ள அடுத்த ப்ரூ போட்டீங்கன்னா 23 லிட்டருக்கு ஒரு கப் போதும், அதுக்கு மேல தள்ளிப் போச்சுன்னா முகர்ந்து பாத்துட்டு ஒரு ஸ்டார்ட்டர் போட்டு உயிர் இருக்கான்னு பாத்துட்டு ஊத்துங்க.