அமெரிக்கக் கல்லூரி சாஃப்ட்பால்: கான்ஃபரன்ஸ் சாம்பியன்ஷிப் வாரத்தைப் பின்தொடர்வது எப்படி?

பிப்ரவரியில் தொடங்கும் அமெரிக்கக் கல்லூரி மகளிர் சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்ற ஆட்டம்) சீசன், ஏப்ரல் கடைசி வரை நிதானமாகத்தான் போகும். வார இறுதியில் ஒரே எதிரணியோடு மூன்று ஆட்டம், நடுவில் புதன்கிழமை வாக்கில் ஒன்று என்று ஓடிக்கொண்டிருக்கும். மே மாதம் பிறந்ததும் கதை மாறிவிடும். ஒரே ஊரில் பத்துப் பதினைந்து அணிகள் கூடி, தினமும் காலையிலிருந்து இரவு வரை ஆடி, சனிக்கிழமைக்குள் ஒரு கோப்பையைத் தூக்கிவிடுவார்கள். அடுத்த நாளே தேசியப் போட்டிக்கான பட்டியல் வந்துவிடும். புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் தடுமாறுவது இந்த ஒரு வாரத்தில்தான். தோற்ற அணி வீட்டுக்குப் போகாமல் மறுநாள் ஏன் ஆடுகிறது, ஜெயித்த அணி ஏன் பெரிதாகக் கொண்டாடவில்லை என்றெல்லாம் குழப்பம் வரும்.

இரண்டு இன்னிங்ஸ் பார்த்தாலே ஆட்ட விதிகள் பிடிபட்டுவிடும். ஏழு இன்னிங்ஸ், ஒன்பது பேர், பந்தைக் கையைக் கீழிருந்து சுழற்றி வீசுவார்கள், பந்து வீசும் பிட்சர் நிற்கும் இடம், பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து 43 அடி. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. போட்டித் தொடரின் அமைப்பை மட்டும் ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம். யார் யாரோடு மோதுகிறார்கள் என்று காட்டும் பிராக்கெட் தாளை அச்சடித்து, ஒரு பேனாவோடு உட்கார்ந்தால் சுலபமாக இருக்கும்.

படி 1: எந்த கான்ஃபரன்ஸ் என்று பாருங்கள்

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதன் முதல் டிவிஷனில் சுமார் 300 சாஃப்ட்பால் அணிகள் இருக்கின்றன. இவ்வளவு அணிகளையும் ஒரே லீக்கில் போட முடியாது என்பதால், பல்கலைக்கழகங்கள் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகப் பிரிந்து தங்களுக்குள் ஆடிக்கொள்கின்றன. எஸ்.இ.சி., பிக் 12, பிக் டென், ஏ.சி.சி. ஆகியவை பணமும் பலமும் உள்ள பெரிய குழுக்கள். ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் இருக்கும் ஐவி லீக் போன்ற சிறிய குழுக்கள் நிறைய உண்டு.

எஸ்.இ.சி.யில் ஓர் அணி சீசனில் எட்டு எதிரணிகளோடு தலா மூன்று வீதம் 24 கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் ஆடும். இதில் முதலிடம் பிடிக்கும் அணி லீக் சாம்பியன். அதற்கென்று தனிக் கோப்பை உண்டு. அப்புறம் மே மாதத்தில் நடக்கும் போட்டியில் ஜெயிப்பவர் டோர்னமென்ட் சாம்பியன். இரண்டும் வேறு வேறு. ஒரே அணி இரண்டையும் வெல்லலாம், வெல்லாமலும் போகலாம். “இந்த வருஷம் சாம்பியன் யார்?” என்று யாராவது கேட்டால், எந்தச் சாம்பியன் என்று திருப்பிக் கேட்டுவிடுவது நல்லது.

படி 2: பரிசு என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

கோப்பையைவிடப் பெரிய பரிசு ஒன்று இருக்கிறது. தேசிய அளவிலான என்.சி.ஏ.ஏ. போட்டியில் 64 இடங்கள். ஒவ்வொரு கான்ஃபரன்ஸின் சாம்பியனுக்கும் அதில் நேரடியாக ஓர் இடம் போய்விடும். 2025-இல் அப்படிப் போனவை 31. மீதி 33 இடங்களைத் தேர்வுக்குழு தானே தேர்ந்தெடுத்து நிரப்பியது.

அந்த நேரடி இடத்தை யாருக்குத் தருவது என்பதைக் கான்ஃபரன்ஸே முடிவு செய்துகொள்ளலாம். டோர்னமென்ட் நடத்தித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யு.சி.எல்.ஏ., அரிசோனா போன்ற ஜாம்பவான்கள் இருந்த பேக்-12 குழு, 2022 வரை சாஃப்ட்பாலுக்கு டோர்னமென்டே வைக்கவில்லை. லீக்கில் முதலிடம் பிடித்தவருக்கே நேரடி இடம். மூன்று மாதம் உழைத்ததை ஒரு வாரத்தில் ஏன் பணயம் வைக்க வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. கடைசியில் 2023-இல் அவர்களும் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டுகள் நடந்தது, அதற்குள் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அந்தக் குழுவை விட்டு விலகிவிட்டன.

படி 3: யாருக்கு இந்த வெற்றி தேவை?

இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் அந்த வாரத்தின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரே மைதானத்தில் நடந்தாலும் எல்லா அணிகளும் ஒரே பரிசுக்காக ஆடுவதில்லை.

2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிக் 12 லீக்கில் டெக்சாஸ் முதலிடம். டோர்னமென்ட் இறுதியில் ஓக்லஹோமா டெக்சாஸைத் தோற்கடித்துக் கோப்பையை எடுத்துக்கொண்டது. மறுநாள் தேசியப் பட்டியல் வந்தபோது நாட்டின் முதல் தரநிலை (அணிகளின் வரிசையில் முதல் இடம்) யாருக்கு? தோற்ற டெக்சாஸுக்கு! ஜெயித்த ஓக்லஹோமாவுக்கு இரண்டாவது. சீசன் முழுக்கச் சேர்த்த கணக்கு அந்த ஒரு தோல்வியில் கரைந்துவிடவில்லை. பெரிய அணிகளுக்கு இந்த வாரம் பெரும்பாலும் ஒத்திகைதான். ஜெயித்தால் சந்தோஷம், தோற்றால் இரண்டு நாள் கூடுதல் ஓய்வு. (அந்த வருஷம் தேசிய இறுதியிலும் இதே இரண்டு அணிகள்தான் மோதின. அதையும் ஓக்லஹோமாவே வென்றது, தொடர்ந்து நான்காவது முறையாக.)

சிறிய கான்ஃபரன்ஸில் நிலைமை தலைகீழ். தேர்வுக்குழு அங்கிருந்து இரண்டாவது அணியை எடுப்பது அபூர்வம். லீக்கில் முதலிடம் பிடித்திருந்தாலும் இந்த வாரம் சறுக்கினால் சீசன் அத்தோடு சரி. இறுதி ஆண்டு மாணவிகளுக்கு அதுவே கடைசி ஆட்டமாகவும் ஆகலாம். அதனால்தான் யாருக்கும் பெயர் தெரியாத இரண்டு கல்லூரிகளின் இறுதி ஆட்டம், பெரிய குழுவின் இறுதியைவிடப் பல சமயம் விறுவிறுப்பாக இருக்கும். நேரம் குறைவு, ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் சிறிய குழுவைத்தான் சொல்வேன்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது. உள்ளே எடுப்பார்களா மாட்டார்களா என்று விளிம்பில் நிற்கும் அணிகள். வேறு ஏதோ கான்ஃபரன்ஸில் எதிர்பாராத அணி ஒன்று கோப்பையைத் தட்டிச் சென்றால், தேர்வுக்குழுவின் கையில் இருக்கும் இடங்களில் ஒன்று குறைந்துபோகும். சம்பந்தமே இல்லாத ஆட்டத்தைப் பார்த்து எங்கோ ஒரு விடுதியில் பத்துப் பெண்கள் நகம் கடித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

படி 4: தரநிலையையும் ‘பை’யையும் தாளில் குறியுங்கள்

லீக் அட்டவணையில் பிடித்த இடமே டோர்னமென்டில் தரநிலை. இரண்டு அணிகள் சமமாக இருந்தால், பொதுவாக அவை நேருக்கு நேர் மோதியபோது யார் ஜெயித்தார்கள் என்று பார்ப்பார்கள். மேலே இருப்பவர்களுக்கு ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் ‘பை’ கிடைக்கும்.

2025 எஸ்.இ.சி. போட்டியில் 15 அணிகள். (பல்கலைக்கழகங்கள் 16 ஆயிற்றே என்றால், வாண்டர்பில்ட்டுக்கு அப்போது சாஃப்ட்பால் அணி இல்லை.) தாளில் இப்படி எழுதிக்கொள்ளலாம்:

செவ்வாய்: 10 முதல் 15 வரையிலான ஆறு அணிகள், மூன்று ஆட்டங்கள்.
புதன்: ஜெயித்த மூன்றோடு 5 முதல் 9 வரையிலான ஐந்தும் சேர்ந்து நான்கு ஆட்டங்கள்.
வியாழன்: முதல் நான்கு அணிகள் இப்போதுதான் களத்துக்கு வரும். காலிறுதி.
வெள்ளி அரையிறுதி, சனி இறுதி.

ஆக, முதல் நான்கில் ஒன்றுக்கு மூன்று வெற்றி போதும். பத்தாம் இடத்திலோ அதற்குக் கீழேயோ உள்ள அணிக்கு ஐந்து நாளில் ஐந்து வெற்றி வேண்டும். லீக் கடைசி வாரத்தில் நான்காம் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் ஏன் அவ்வளவு அடிதடி என்பது இந்தத் தாளைப் பார்த்தால் விளங்கும்.

படி 5: நாக் அவுட்டா, டபுள் எலிமினேஷனா?

எஸ்.இ.சி. முறை நேரடி நாக் அவுட். 15 அணிக்கு 14 ஆட்டம், ஒருமுறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். சிறிய கான்ஃபரன்ஸ்கள் பலவற்றில் டபுள் எலிமினேஷன். இரண்டு முறை தோற்றால்தான் வெளியே. ஐ.பி.எல். பிளே-ஆஃபில் முதல் தகுதிச் சுற்றில் தோற்கும் அணிக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறதல்லவா, அதை எல்லா அணிகளுக்கும் விரித்துப் போட்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐவி லீக்கில் எட்டு அணிகளில் முதல் நான்கு மட்டும், முதலிடம் பிடித்த அணியின் மைதானத்தில், இந்த முறையில் ஆடுகின்றன. நான்கு அணி என்பது கற்றுக்கொள்ள நல்ல அளவு. தாளில் மேலே ‘தோற்காதவர்கள்’, கீழே ‘ஒருமுறை தோற்றவர்கள்’ என்று இரண்டு வரிசை போடுங்கள்.

முதல் ஆட்டத்தில் 1-ஆம் அணி 4-ஐ ஜெயிக்கிறது. இரண்டாவதில் 3-ஆம் அணி 2-ஐக் கவிழ்த்துவிடுகிறது. இப்போது 1-உம் 3-உம் மேல் வரிசையில், 2-உம் 4-உம் கீழ் வரிசையில்.

மூன்றாவது ஆட்டம் மேல் வரிசையில். 1 ஜெயிக்கிறது, 3 கீழே இறங்குகிறது. நான்காவது கீழ் வரிசையில். 2 ஜெயிக்க, இரண்டு முறை தோற்ற 4 ஊருக்குக் கிளம்புகிறது. ஐந்தாவதில் 2-உம் 3-உம் மோதி, 2 மறுபடி ஜெயித்து இறுதிக்கு வருகிறது.

இறுதியில்தான் பலருக்குக் குழப்பம். 1 இன்னும் தோற்கவே இல்லை. அதனால் அதற்கு ஒரு வெற்றி போதும். 2-க்கோ அடுத்தடுத்து இரண்டு வெற்றி வேண்டும். ஆறாவது ஆட்டத்தில் 2 ஜெயித்துவிட்டால் ஏழாவது ஆட்டம் ஒன்று உடனே நடக்கும். அட்டவணையில் ‘தேவைப்பட்டால்’ என்று ஒரு கட்டம் காலியாக இருப்பது இதற்காகத்தான். ஆறாவது முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள்.

படி 6: பிட்சர் வட்டத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்

மேலே சொன்ன உதாரணத்தில் 2-ஆம் அணி கோப்பையை எடுக்க மொத்தம் ஐந்து ஆட்டம் ஆட வேண்டும், 1-ஆம் அணிக்கு மூன்றோ நான்கோ. இந்த வித்தியாசம் முழுக்க ஒரு தோளின் மேல் விழுகிறது, பிட்சரின் தோள். பேஸ்பாலில் பிட்சர்கள் ஓர் ஆட்டம் வீசினால் நான்கைந்து நாள் ஓய்வெடுப்பார்கள். சாஃப்ட்பாலில் அடுத்தடுத்த நாள் வீசுவது சகஜம். ஆனால் களைப்பு தெரியத்தான் செய்யும். அதைவிட, ஒரே பிட்சரை இரண்டாவது, மூன்றாவது முறை சந்திக்கும் பேட்டர்களுக்கு அவருடைய ரைஸ்பாலும் (மேலெழும் பந்து) சேஞ்ச்-அப்பும் (வேகம் குறைத்த பந்து) பழகிப்போய்விடும்.

2025 தேசிய இறுதி இதற்குப் பாடம். டெக்சாஸ் டெக் அணியை அதுவரை கிட்டத்தட்ட ஒற்றை ஆளாகச் சுமந்துவந்தவர் நைஜாரி கனடி. மூன்று ஆட்டம் நடந்த அந்த இறுதியில், டெக்சாஸுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் முதல் இன்னிங்ஸிலேயே ஐந்து ரன் போனது, அத்தோடு அவரை வெளியே எடுத்துவிட்டார்கள். டெக்சாஸ் 10–4 என்று ஜெயித்து முதல் தேசியப் பட்டத்தை எடுத்தது.

அதனால் ஒவ்வொரு ஆட்டம் தொடங்கும்போதும் பிராக்கெட்டின் ஓரத்தில் பிட்சர் பெயரையும் அவர் வீசிய இன்னிங்ஸையும் குறித்துவையுங்கள். பெரிய அணி ஒன்று காலிறுதியில் தன் முதல் பிட்சரை உட்காரவைத்தால், அது இந்தக் கோப்பையைவிட அடுத்த வாரத்தைத்தான் யோசிக்கிறது என்று அர்த்தம். சிறிய அணி அப்படிச் செய்யத் துணியாது.

படி 7: எட்டு ரன் விதி, மழை

ஐந்து இன்னிங்ஸ் முடிந்தபோது ஓர் அணி எட்டு ரன்னோ அதற்கு மேலோ முன்னிலையில் இருந்தால் ஆட்டம் அங்கேயே முடியும். 7–0 என்று முன்னிலையில் இருக்கும் அணி இன்னும் ஒரு ரன்னுக்கு உயிரைக் கொடுத்து ஓடுவதைப் பார்த்து இது பேராசை என்று நினைக்க வேண்டாம். இரண்டு இன்னிங்ஸ் மிச்சமானால் நாளைக்குப் பிட்சருக்கு அவ்வளவு தெம்பு.

மே மாத இடிமழை தனிக்கதை. மின்னல் தெரிந்தால் மைதானத்தைக் காலி செய்துவிட்டு, கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். நடுவில் இன்னொன்று வெட்டினால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. ஒரே மைதானத்தில் ஒரு நாளில் நான்கு ஆட்டம் என்பதால், முதல் ஆட்டம் தாமதமானால் கடைசி ஆட்டம் நள்ளிரவைத் தாண்டும். 2025-இல் ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரில் நடந்த எஸ்.இ.சி. இறுதி ஆட்டமே மழையால் ரத்தானது. ஓக்லஹோமா, டெக்சாஸ் ஏ அண்ட் எம் இரண்டும் கூட்டுச் சாம்பியன். இன்னொரு நாள் தள்ளிவைக்கலாமே என்றால், ஞாயிற்றுக்கிழமை பட்டியல் வந்தாக வேண்டும். தவிர, இரண்டு அணிகளுக்கும் தேசிய இடம் எப்போதோ உறுதியாகியிருந்தது.

படி 8: ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல்

டோர்னமென்ட் முடிந்த மறுநாள் மாலை, தேர்வுக்குழு 64 அணிகளையும் தொலைக்காட்சியில் அறிவிக்கும். முதல் 16 தரநிலை அணிகளின் மைதானங்களில் அடுத்த வெள்ளிக்கிழமையே ரீஜனல் சுற்று தொடங்கிவிடும். ஒவ்வொன்றிலும் நான்கு அணிகள், டபுள் எலிமினேஷன். படி 5-இல் போட்ட அதே தாள் இங்கேயும் உதவும்.

இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அமெரிக்கக் கிழக்கு நேரத்தோடு ஒன்பதரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே காலை 11 மணி ஆட்டம் நமக்கு இரவு எட்டரை, சௌகரியம். மாலை ஆட்டம் என்றால் அலாரம் வைக்க வேண்டும்.

2025-இல் கூட்டுச் சாம்பியனான டெக்சாஸ் ஏ அண்ட் எம்முக்கு அந்த ஞாயிறு நாட்டின் முதல் தரநிலை கிடைத்தது. அடுத்த வார இறுதியில் சொந்த மண்ணிலேயே லிபர்ட்டி அணியிடம் தோற்று வெளியேறியது. முதல் தரநிலை அணி ரீஜனலைத் தாண்டாமல் போனது அதுதான் முதல் முறை.