அழித்த போட்டோ: முதலில் குப்பைத்தொட்டியைப் பாருங்கள்

போனில் போட்டோ தவறுதலாக அழிந்துவிட்டால், ரெக்கவரி ஆப் எதையும் இறக்காதீர்கள். முதலில் கேலரியிலும் கூகுள் போட்டோஸிலும் உள்ள 'டிராஷ்' அல்லது 'பின்' பகுதியைத் திறந்து, படத்தை அழுத்திப் பிடித்து 'ரீஸ்டோர்' கொடுங்கள். ஐபோனில் இது 'ரீசன்ட்லி டெலிட்டட்' என்ற ஆல்பம்.

டெலிட் கொடுத்ததும் படம் உடனே அழிவதில்லை, இங்கே ஒதுங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படத்துக்கு 60 நாள் கெடு, ஐபோனில் 30 நாள். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆகாத படத்துக்குக் கெடு குறைவு, அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

தொட்டியையே காலி செய்திருந்தால் இது பலிக்காது. இப்போதைய போன்களில் உள்நினைவகம் என்க்ரிப்ட் ஆகியிருப்பதால் (ரகசியக் குறியீடாகப் பூட்டப்பட்டிருப்பதால்), ரெக்கவரி ஆப்கள் பெரும்பாலும் மங்கலான சின்னப் படங்களைக் காட்டிவிட்டுப் பணம் கேட்கும். மெமரி கார்டில் இருந்த படம் என்றால் கதை வேறு. கார்டில் புதிதாக எதையும் பதியாமல் உடனே கழற்றி, கணினியில் செருகி, 'போட்டோரெக்' என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்க வேண்டாம். அப்புறம், வாட்ஸ்அப்பில் வந்த படமா? அனுப்பியவரிடமே திரும்பக் கேட்பதுதான் சுலபம்.