மூன்று வயதுப் பெடியன் தானே ஜக்கெற் பூட்டிக்கொண்டு வெளிக்கிட: செப்ரெம்பர் பயிற்சி

ரொறன்ரோவின் செப்ரெம்பர் மாதத்தை நம்பவே கூடாது. காலை ஏழரைக்கு 8 பாகை, பள்ளிக்கூடம் விடுகிற நேரம் 21. ஜக்கெற் போடாமல் அனுப்பினால் மாமியின் வாய்க்குத் தப்ப முடியாது. போட்டு அனுப்பினால் பின்னேரம் பெடியன் வருவான், ஜக்கெற் வராது.

எனக்கு இரண்டும் பெடியள். மூத்தவனுக்கு ஆறு வயது. சின்னவன் டிசம்பர் கடைசியில் பிறந்தவன். ஒன்ராறியோவில் நான்கு வயது நிறைகிற வருடத்துச் செப்ரெம்பரிலேயே ஜூனியர் கிண்டர்கார்டனுக்கு எடுத்துவிடுவார்கள். அதனால் போன வருடம் முதல் நாள் போகும்போது அவன் இன்னும் மூன்று வயதுக்காரன்தான். வகுப்பில் 26 பிள்ளைகள். ஒக்ரோபர் நடுவில் ஒருநாள் ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் ஜக்கெற் சிப் (zip) பூட்டி முடிக்கிறதுக்குள் விளையாட்டு நேரம் போய்விடுகிறது, வீட்டில் கொஞ்சம் பழக்க முடியுமா என்று கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் என்றாலும் 26 நிமிடம்.

அன்றிரவே தொடங்கினோம். இரண்டு கிழமை பிடித்தது, இடையில் ஒரு சிப்பும் உடைந்தது. இந்த வருடம் எங்கள் ஸ்காபுரோ மாடிக்கட்டிடத்தில் மூன்று வீட்டுப் பிள்ளைகள் புதிதாகப் போகிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதிவைக்கிறேன். லேபர் டேக்கு (செப்ரெம்பர் முதல் திங்கள் விடுமுறை) அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் தொடங்கும். பயிற்சியையும் அந்தக் கிழமையே தொடங்குங்கள். குளிர் வந்தபிறகு தொடங்கினால் காலை எட்டு மணிக்கு வாசலில் நின்று கத்தவேண்டி வரும்.

படி 1: போன வருட உடுப்பை எடுங்கள்

மூத்தவனுக்குச் சின்னதானது சின்னவனுக்கு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஜக்கெற்றைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு தெரிந்தால் சரிவராது.

பூட்ஸில்தான் ஏமாறுவோம். "அளவா இருக்கா அப்பன்?" என்று கேட்டால் பெடியள் "ஓம்" என்றுதான் சொல்வார்கள், முக்கியமாக அடியில் லைற் எரிகிற பூட்ஸ் என்றால். கேட்காதீர்கள். உள்ளே இருக்கிற அடித்தகட்டை வெளியே இழுத்துத் தரையில் வைத்து, தடிப்பான காலுறையோடு அதன்மேல் நிற்கவிடுங்கள். கால்விரலுக்கு முன்னால் உங்கள் பெருவிரல் அகலத்துக்கு இடம் இருந்தால் நல்லது. இறுக்கமான பூட்ஸுக்குள் சூடான காற்றுக்கு இடமில்லை, கால் இன்னும் கெதியாகக் குளிரும்.

படி 2: பெயர் எழுதுங்கள். ஆங்கிலத்தில்.

போன வருடம் மாமி பேரனின் ஜக்கெற்றில் உட்கழுத்துப் பக்கம் ஒரு வெள்ளைத் துணி வைத்துத் தைத்து, அதில் வடிவான தமிழில் பெயர் எழுதிவிட்டார். ஜக்கெற் தொலைந்தது. தொலைந்த சாமான் போடுகிற பெட்டியில் ஒன்பது நாள் கிடந்திருக்கிறது. ரீச்சருக்கும் வாசிக்கத் தெரியவில்லை, அதற்குச் சொந்தக்காரனுக்கும் வாசிக்கத் தெரியவில்லை. இப்போது மேலே ஆங்கிலம், கீழே தமிழ். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் அவனைச் சேர்த்துவிட்டோம்.

படி 3: தலைக்கு மேலால் எறிதல்

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. இங்கே கிண்டர்கார்டன் ரீச்சர்மார் எல்லோரும் சொல்லிக்கொடுப்பதுதான். ஜக்கெற்றை உட்பக்கம் மேலே தெரியத் தரையில் விரியுங்கள். தலைமூடி (ஹூட்) இருக்கிற பக்கம் பிள்ளையின் கால்மாட்டில் வரவேண்டும், அதாவது அவனுக்கு அது தலைகீழாகத் தெரியும். குனிந்து இரண்டு கையையும் ஜக்கெற்றின் கைகளுக்குள் விட்டு, அப்படியே தலைக்கு மேலால் பின்னுக்கு எறிந்தால் ஜக்கெற் போட்டாயிற்று. இடக்கை வலக்கை குழப்பமே இல்லை.

முதல் நாளே பிடித்துவிட்டான். பிறகு நாள் முழுக்க எறிந்துகொண்டே திரிந்தான். பக்கத்தில் தேத்தண்ணீர்க் கோப்பை எதையும் வைக்காதீர்கள்.

படி 4: சிப்

இங்கேதான் எனக்கு இரண்டு கிழமை போனது. மேலே இழுப்பது எந்தப் பிள்ளைக்கும் வரும். அடியில் கொழுவுகிற அந்த ஒரு கணம்தான் வராது. அது ஏன் என்று எனக்கும் விளங்கவில்லை, ஏனென்றால் நான் எப்படிப் பூட்டுகிறேன் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. என் விரல் தன்பாட்டில் செய்துவிடுகிறது. மேசையில் என் ஜக்கெற்றை வைத்து, பத்துத் தரம் மெதுவாகப் பூட்டிப் பார்த்தேன்.

சிப்பின் அடியைக் கவனியுங்கள். ஒரு பக்கத்தில் ஒரு சின்ன ஊசித் துண்டு. மற்றப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதன்மேல் இழுக்கிற வண்டி. ஊசி வண்டிக்குள்ளால் புகுந்து பெட்டியின் அடிவரை போய் இருக்கவேண்டும். வண்டி அந்த நேரம் பெட்டியோடு ஒட்டி நிற்கவேண்டும். பிள்ளைகள் விடுகிற பிழை இரண்டுதான். ஒன்று, வண்டி கொஞ்சம் மேலே ஏறி நிற்கும்போதே ஊசியை விடுவது. மற்றது, ஊசி பாதி வழியில் நிற்கும்போதே மேலே இழுப்பது. இரண்டாவதில் பல் கோணலாக மாட்டும். பிறகு பலவந்தமாக இழுத்தால் உடையும், நான் இழுத்து உடைத்த மாதிரி. அவன் உடைக்கவில்லை, பிந்துகிறது என்ற அவசரத்தில் நான்தான் உடைத்தேன்.

அவனுக்கு இதையெல்லாம் ஊசி, பெட்டி என்று சொல்லி ஒன்றும் நடக்கவில்லை. ஊசி கார், பெட்டி கராஜ் என்று சொன்னேன், பிடித்துக்கொண்டான். கார் கராஜுக்குள் முழுக்கப் போகவேண்டும். உள்ளே போய்ச் சுவரில் "டிக்" என்று முட்டியபிறகு ஒரு கை கராஜைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கவேண்டும், மற்றக் கை சிப்பின் வண்டியை மேலே இழுக்கவேண்டும். அந்தக் கீழே இழுத்துப் பிடிக்கிற கையைத்தான் நான் சொல்ல மறந்திருந்தேன். அடிப்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தால் ஊசி மேலே வழுகிவிடும். அதைச் சொன்ன அன்றைக்கே பூட்டினான்.

பழக்கும்போது ஜக்கெற்றை உடம்பில் போட்டுப் பழக்காதீர்கள். வயிறு மறைக்கும், கழுத்தைக் குனிந்து பார்க்கவேண்டும், கோபம் வரும். முதல் மூன்று நாள் மேசையில் வைத்துப் பழகட்டும். ரீவி பார்க்கும்போது பிள்ளையை மடியில் வைத்து, பின்னாலிருந்து உங்கள் கையோடு அவன் கையைச் சேர்த்துச் செய்யலாம். எதிரே நின்று காட்டினால் இடம் வலம் மாறித் தெரியும், அதனாலும் ஒரு கிழமை போனது.

சிப் இறுக்கமாக இருந்தால் பென்சில் முனையைப் பல்லில் மேலும் கீழும் உரசுங்கள், வழுக்கும். வண்டியின் வாலில் ஒரு திறப்பு (சாவி) வளையம் கொழுவிவிடுங்கள், மிற்றன் (விரல் பிரியாத கையுறை) போட்ட கையாலும் இழுக்கலாம்.

பின்குறிப்பு: இதைப் படித்த ஒரு அம்மா, "எல்லாம் நீங்கள் சொன்னபடிதான் செய்தேன், வருதில்லை" என்று எழுதினார். படம் அனுப்பச் சொன்னேன். அவருடையது இரண்டு வண்டி வைத்த சிப், அடியிலிருந்தும் திறக்கிற வகை. அதில் இரண்டு வண்டியும் கீழே ஒன்றன்மேல் ஒன்று நின்றால்தான் கார் உள்ளே போகும். சின்னப் பிள்ளைக்கு அந்த வகையே வேண்டாம். இரண்டாம் கையாக வாங்குகிறீர்கள் என்றால் வண்டி எந்தப் பக்கம் என்றும் பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டு ஜக்கெற்றும் எதிர்எதிர்ப் பக்கம். ஒன்றில் பழகிவிட்டு மற்றதைப் போட்டபோது பெடியன் அழுதேவிட்டான்.

படி 5: ஒழுங்கு

இது செப்ரெம்பருக்குத் தேவையில்லை, ஒக்ரோபர் கடைசிக்கு. முதலில் ஒண்டுக்கு. இதை மறந்தால் மற்ற எல்லாம் வீண். பிறகு ஸ்நோ பான்ற்ஸ், பூட்ஸ், ஜக்கெற், தொப்பி, கடைசியில் மிற்றன். மிற்றனை முதலே போட்டால் சிப் பூட்டக் கை இல்லை. ஆகவே ஜக்கெற் கையின்மேல் ஏறி நிற்கிற நீளக் கழுத்து மிற்றனாக வாங்குங்கள். ஐந்து விரல் கிளவுஸ் இந்த வயதுக்கு வாங்கவே கூடாது என்பது என் முடிவு. ஒவ்வொரு விரலாகத் தேடி நுழைப்பதற்குள் பஸ் போய்விடும்.

கழுத்துக்குச் சால்வை வேண்டாம், தலையால் போடுகிற நெக் வோமர் போதும். சால்வையும் தலைமூடியில் தொங்குகிற கயிறும் விளையாட்டுத்திடல் சறுக்கியில் மாட்டினால் கழுத்து இறுகும். அதனால் இரண்டையும் தவிர்க்கச் சொல்லி கனடா சுகாதாரத் திணைக்களமும் சொல்கிறது. மூத்தவனுடைய பழைய ஜக்கெற்றிலிருந்த கயிற்றை நான் உருவி எறிந்துவிட்டேன்.

உள்ளே என்ன போடுவது என்பதில் எனக்கும் மாமிக்கும் இன்றுவரை வழக்கு. "தம்பி, பருத்திதான் உடம்புக்கு நல்லது, பிள்ளைக்குக் காதையும் மூடிவிடுங்கோ" என்பார், வெளியே 18 பாகை இருக்கும்போது. யாழ்ப்பாணத்து வெயிலுக்கு அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இங்கே பெடியள் ஓடி வியர்த்தால் பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நின்றவுடன் குளிரும். உள்ளே கெதியாகக் காய்கிற மெல்லிய சட்டை, நடுவில் ஃபிளீஸ், மேலே ஜக்கெற். மத்தியானம் வெயில் வந்தால் நடுவில் இருப்பதைக் கழற்றிப் பையில் வைக்கச் சொல்லிக் கொடுங்கள். காதுத்தொப்பி விஷயத்தில் நான் மாமியோடு மல்லுக்கட்டுவதில்லை. போட்டுக்கொண்டு போவான், லிப்ற்றுக்குள் கழற்றுவான்.

காரில் போகிறவர்களுக்கு (பின்னர் சேர்த்தது)

எங்களுக்குப் பஸ், அதனால் இதை நான் முதலில் எழுதவில்லை. கேட்டவர்கள் பலர். தடிப்பான ஜக்கெற்றோடு குழந்தை இருக்கையில் பட்டி போடக்கூடாது. பட்டி இறுக்கமாகத்தான் தெரியும், ஆனால் மோதினால் உள்ளே இருக்கிற பஞ்சு நசிந்து பட்டி தளர்ந்துவிடும். ஜக்கெற்றைக் கழற்றிப் பட்டியை உடம்போடு ஒட்டப் பூட்டி, பிறகு ஜக்கெற்றை முன்பக்கமாகக் கை நுழைத்துப் போர்வை மாதிரி மேலே போடுங்கள். இறங்கும்போது பெடியனை ஒரு தரம் எறிந்து போடச் சொன்னால் சரி.

ஹலோவீன்

பிள்ளைகள் வேஷம் போட்டு வீடுவீடாக மிட்டாய் கேட்டுப் போகிற ஒக்ரோபர் 31 இரவு பெரும்பாலும் குளிர்தான், சில வருடம் மழையும். போன வருடம் சின்னவனுக்கு டைனோசர் உடுப்பு அவன் அளவுக்கே வாங்கினேன். ஜக்கெற்றுக்கு மேலால் ஏறவில்லை. உள்ளே போடவும் மறுத்தான், வால் தெரியாதாம். கடைசியில் ஜக்கெற்றின் பின்பக்கம் வாலை மட்டும் வெட்டி ஊசி குத்தி அனுப்பினோம். இந்த வருடம் உடுப்பு இரண்டு அளவு பெரிதாக வாங்கி வைத்திருக்கிறேன். ஜக்கெற்றுக்கு மேலே போட்டுப் பார்த்தான். நன்றாகச் சாப்பிட்ட டைனோசர் மாதிரி இருக்கிறான். முதுகுப் பக்கம் சிப். அதை அவனால் பூட்ட முடியாது, அண்ணன் பூட்டிவிடுகிறான்.