மோரிஸ் மைனரில் டிஜிட்டல் மீட்டர்: ஒயரிங் செய்முறை

பழைய காரின் டாஷ்போர்டில் உள்ள விளக்கும் முள்ளும் தகவல் காட்டுவதோடு நிற்பதில்லை. சில சர்க்யூட்டுகள் அவற்றின் வழியாகவே முழுமை பெறுகின்றன. டிஜிட்டல் மீட்டர் பொருத்துவதற்காக அவற்றைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். என் கார் 1098 சிசி மோரிஸ் மைனர் 1000. அதில் பேட்டரியை சார்ஜ் செய்யும் பழைய டைனமோவுக்குப் பதில், அதே வேலையைச் செய்யும் புது வகை ஆல்டர்னேட்டர் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கிறது. ஒயர் சீவுவது, மல்டிமீட்டர் பிடிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. எர்த் எந்தப் பக்கம்?

மைனர் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். டிஜிட்டல் மீட்டருக்கு மைனஸ் எர்த் வேண்டும். மாற்றிக் கொடுத்தால் மீட்டர் கருகிவிடும். ஆல்டர்னேட்டர் போட்ட காரில் இது பெரும்பாலும் மாற்றப்பட்டிருக்கும், ஆனாலும் அளந்து பாருங்கள். டைனமோ கார் என்றால் பேட்டரி இணைப்புகளையும் காயிலின் (பிளக்குகளுக்கு உயர் வோல்ட்டேஜ் தரும் சுருள்) இரண்டு மெல்லிய ஒயர்களையும் இடம் மாற்ற வேண்டும். பிறகு டைனமோவின் எஃப் (காந்தச் சுருள்) முனையிலுள்ள ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி லைனிலிருந்து ஓர் ஒயரால் அந்த முனையை ஓரிரு நொடி தொட்டு எடுங்கள். அதன் காந்தத் திசை மாறிவிடும். பழைய ரேடியோ இருந்தால் முதலிலேயே கழற்றிவிடுங்கள்.

2. நிறங்களைப் படியுங்கள்

இந்தக் காரில் உள்ள லூகாஸ் நிறுவனத்தின் ஒயரிங்கில் பழுப்பு எப்போதும் கரண்ட் உள்ள லைன். வெள்ளை, சாவி போட்டால் வருவது. பச்சை, சாவி போட்ட பின் ஃபியூஸ் வழியாக வருவது. கறுப்பு எர்த். பச்சை-கறுப்பு பெட்ரோல் டேங்கிலிருந்தும், வெள்ளை-பழுப்பு ஆயில் பிரஷர் சுவிட்சிலிருந்தும், பழுப்பு-மஞ்சள் சார்ஜ் விளக்குக்கும் வருபவை. வெயிலில் நிறம் வெளுத்திருந்தால் கிளிப்புக்கு அடியில் மறைந்திருக்கும் பகுதியைப் பாருங்கள். அங்கே அசல் நிறம் தெரியும்.

மீட்டருக்குப் பழைய ஒயரை நம்பாதீர்கள். புதிதாக ஓர் ஒயர் இழுத்து, தயாரிப்பாளர் சொல்லும் அளவில் தனி ஃபியூஸ் போடுங்கள். காரில் உள்ள 35 ஆம்பியர் லூகாஸ் ஃபியூஸ் இவ்வளவு மெல்லிய ஒயரைக் காப்பாற்றாது.

3. சார்ஜ் விளக்கு

என்னை அதிக நேரம் நிறுத்திவைத்த படி இது. எல்லா இணைப்பும் சரி, என்ஜின் ஓடுகிறது, ஆனால் வோல்ட்டேஜ் 12.2க்கு மேல் ஏறவில்லை. ஆக்சிலரேட்டரை அழுத்தி முறுக்கினால் திடீரென்று 14க்குத் தாவுகிறது. ஆல்டர்னேட்டரில் பழுது இல்லை என்பது அந்தத் தாவலில்தான் தெரிந்தது.

சாவி போட்டவுடன் 2.2 வாட் சார்ஜ் பல்பு வழியாகப் பாயும் சிறு கரண்ட்தான் ஆல்டர்னேட்டரின் உள்சுருளை முதலில் தூண்டிவிடுகிறது. புது மீட்டரில் உள்ள எல்.இ.டி. அந்த அளவு கரண்ட்டை விடாது. தீர்வு எளிது: சாவி லைனுக்கும் பழுப்பு-மஞ்சள் ஒயருக்கும் இடையே 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இணையுங்கள். சாவி போட்டு என்ஜின் ஓடாதபோது அது சூடாகும். ஆகவே டேப் சுற்றி ஒயர்க் கட்டுக்குள் திணிக்காமல், உலோகத் தகட்டில் காற்றுப்படப் பொருத்துங்கள். டைனமோ காருக்கு இந்த வேலையே தேவையில்லை.

4. சென்சார்கள்

டேங்க் மிதவை அடியில் இருக்கும்போதும் மேலே இருக்கும்போதும் எத்தனை ஓம் என்று அளந்து, மீட்டரில் அதற்கேற்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். பழைய வகையில் காலி டேங்கில் ஓம் குறைவு. பின்னால் வந்தவற்றில் காலியில் சுமார் 240, நிரம்பினால் சுமார் 30. மாற்றிப் போட்டால் அளவு தலைகீழாகக் காட்டும். ஒற்றை ஒயர் கொண்ட வெப்ப சென்சாரின் மரையில் டெஃப்ளான் டேப் சுற்ற வேண்டாம்; அந்த மரைதான் அதற்கு எர்த். வேகத்துக்கு ஜி.பி.எஸ். சென்சாரையே பரிந்துரைப்பேன், கேபிளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. டேகோமீட்டர் (என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டுவது) ஒயரைக் காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனையிலிருந்து எடுத்து, பிளக் ஒயர்களிலிருந்து விலக்கிக் கொண்டு போங்கள்.

ஒரே ஒரு கருவிக்குத்தான் செலவழிக்க முடியும் என்றால் ஒயர் முனையில் கனெக்டரை நசுக்கிப் பிடிக்க வைக்கும் நல்ல ராட்செட் கிரிம்பிங் இடுக்கி வாங்குங்கள். ஈயம் வைத்த இணைப்பில் ஒயர் விறைத்து, அதிர்வில் ஈயம் முடியும் இடத்தில் முறிகிறது.

பிற்சேர்க்கை: இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் அளவு ஆடுகிறது என்று சில வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். மீட்டரின் எர்த்தை டாஷ்போர்டு போல்ட்டில் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்; விளக்குகளின் கரண்ட்டும் அதே வழியில் திரும்புகிறது. பேட்டரியின் மைனஸ் முனை வரை தனி ஒயர் இழுங்கள். பிறகு ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மீட்டரின் எர்த் ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் ஏதோ ஓர் இணைப்பு இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை.