தக்காளி நூறு ரூபாய் என்றதும் மாடிக்கு ஓடாதீர்கள்

எதிர்வீட்டுக்காரர் போன வாரம் மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டினார். நாற்பது செடிப்பை, புத்தம் புதுசு, வரிசையாக. அத்தனையிலும் தக்காளி நாற்று. "இனிமேல் காய் வாங்கச் சந்தைக்கே போக வேண்டாம் சார்" என்றார். ஐந்து தலைமுறை விவசாயி மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார். சில வருஷத்துக்கு முன்னால் நானும் இதே மாதிரிதான் நின்றேன் என்பதால் சிரிக்கவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

தண்ணீரை அதிகமாக ஊற்றாதே, பையின் அடியில் ஓட்டை இருக்கிறதா பார், வெயில் படுகிற இடமாக வை என்பதையெல்லாம் நாற்று விற்கிறவரே சொல்லிவிடுவார். நான் சொல்ல வந்தது காசையும் மூன்று மாத உழைப்பையும் சேர்த்து விழுங்குகிற தவறுகளை.

விலையைப் பார்த்து விதைப்பது

2023 ஜூலை ஞாபகம் இருக்கிறதா? தக்காளி கிலோ நூறைத் தாண்டிப் போய், சென்னையில் அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. நான் மதுரையில் 120 ரூபாய் கொடுத்து அரைக் கிலோ மட்டும் வாங்கி வந்த அன்று ராத்திரியே முடிவு பண்ணினேன். மறுநாள் முப்பது பை, தென்னை நார்க் கட்டி, மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு, ஆட்டோ வாடகை எல்லாம் சேர்த்து 6,200 ரூபாய். நாற்று பி.கே.எம்.1, நல்ல ரகம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

தக்காளி நாற்று நட்டதிலிருந்து முதல் பழம் பறிக்க 65, 70 நாள் ஆகும். விதையிலிருந்து தொடங்கினால் நாற்று வளர இன்னும் 25 நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த விலையைப் பார்த்த அதே நாளில் ஒட்டன்சத்திரம் பக்கமும், பாலக்கோடு பக்கமும், கோலார், மதனப்பள்ளி வரைக்கும் உள்ள விவசாயிகளும் அதே விலையைத்தான் பார்த்திருப்பார்கள் என்பது என் மண்டையில் ஏறவில்லை. அவர்கள் ஏக்கர் கணக்கில் நட்டார்கள், நான் முப்பது பையில் நட்டேன். எல்லாருடைய செடியும் ஒரே சமயத்தில் காய்த்தது. செப்டம்பர் கடைசியில் என் முதல் பழம் சிவந்தபோது அண்ணா நகர் உழவர் சந்தையில் கிலோ 20 ரூபாய்.

அதோடு விட்டதா? ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இலைகள் கீழேயிருந்து கருகி ஏறின. ஒரு நாள் காய்ந்து மறுநாள் நனைந்ததில் பழம் பழமாக வெடித்தது. கடைசியில் கணக்குப் பார்த்தால் மொத்தம் 11 கிலோ. கிலோவுக்கு 560 ரூபாய்க்கு மேல் வருகிறது. அந்த 6,200 ரூபாயில் உச்ச விலையான 120க்கு வாங்கியிருந்தால்கூட ஐம்பது கிலோ வாங்கியிருக்கலாம் என்று வீட்டில் ஒருவர் கணக்குப் போட்டுச் சொன்னார், யார் என்று சொல்லத் தேவையில்லை. பை மூன்று வருஷம் உழைக்குமே என்பீர்கள். மதுரை வெயிலில் இரண்டாவது கோடைக்கே என் பைகளின் விளிம்பு நார் நாராக உதிர்ந்தது.

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான்: விலை ஏறும்போது தொடங்குகிறவர், விலை இறங்கினதும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்திவிடுகிறார். சந்தையில் சல்லிசாகக் கிடைக்கும்போது மாவுப்பூச்சியோடு மல்லுக்கட்ட யாருக்கு மனசு வரும்? எங்கள் தெருவிலேயே நாலு மாடியில் காய்ந்த செடியோடு பைகள் கிடக்கின்றன. தக்காளி வளர்க்கத்தான் வேண்டும் என்றால் நாலு செடி, எப்போதும் நாலு செடி. விலை எங்கே இருந்தாலும் சரி.

எதிர்வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "சின்ன வெங்காயமும் ஏறுதாமே சார், அதையும் போட்டுரலாமா?" என்றார்.

சந்தையோடு போட்டி போடுவது

சின்ன வெங்காயம் வேண்டாம் சார். ஒரு பை நிறைய ஊன்றி, எழுபது நாள் காத்திருந்து நான் எடுத்தது முக்கால் கிலோ. எங்கள் வீட்டுக்கு அது ஒரு வாரச் சாம்பாருக்குப் போதாது. உருளைக்கிழங்கும் கேரட்டும் குளிரில் விளைகிறவை, அவற்றை மதுரை மொட்டை மாடியில் வாட்டி எடுப்பது பாவம்.

மாடியில் வளர்க்க வேண்டியது, சந்தையில் வாங்கி வந்த மறுநாளே வாடிப்போவதையும், சமையலுக்குக் கொஞ்சமே தேவைப்படுவதையும். கறிவேப்பிலை, புதினா, பச்சை மிளகாய், கீரை. சிறுகீரை 25 நாளில் பிடுங்கலாம், அரைக்கீரையை ஒடிக்க ஒடிக்கத் துளிர்க்கும். உலையை வைத்துவிட்டு மாடிக்குப் போய்ப் பறித்து வருகிற கீரையின் ருசியை எந்தச் சந்தையும் தராது. மூட்டையாக வாங்க வேண்டியதைச் சந்தையில் வாங்குங்கள்.

வெண்டை நாலே செடி போடுவது

தக்காளிக்கு நாலு என்று சொன்னதை இங்கே கொண்டுவராதீர்கள். வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும், விட்டால் முற்றி நாராகிவிடும். நாலு செடியில் ஒரு நேரத்துக்கு ஐந்து காய் வரும். அதை வைத்துப் பொரியலும் செய்ய முடியாது, சேர்த்து வைக்கவும் முடியாது. பன்னிரண்டு செடியாவது வேண்டும். நரம்பு மஞ்சளாகி இலை வலை வலையாகத் தெரிந்தால், அது வெள்ளை ஈ பரப்புகிற தேமல் நோய், மருந்து தேடாமல் அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள். மனசு கேட்காது, இருந்தாலும் பிடுங்குங்கள்.

உழவர் சந்தை என்றால் மருந்தடிக்காத காய் என்று நம்புவது

படித்தவர்களே இந்தத் தவறைச் செய்கிறார்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தபோது நோக்கம் ஒன்றுதான்: இடைத்தரகர் இல்லாமல் விவசாயி நேரடியாக விற்க வேண்டும். அதனால்தான் அடையாள அட்டை, அதனால்தான் மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாகத் தினமும் பலகையில் எழுதிப் போடுகிற விலை. பூச்சிமருந்து பற்றி அதில் எதுவும் இல்லை. அங்ககச் சான்று, அதாவது இயற்கை விவசாயச் சான்று, என்பது தனி சமாச்சாரம்.

அங்கே ஒரு வசதி இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. விளைவித்தவரே எதிரில் உட்கார்ந்திருக்கிறார், கேளுங்கள். "அண்ணே, கத்தரிக்குக் கடைசியா எப்ப மருந்து அடிச்சீங்க?" நான் கேட்டபோது ஒருவர் முறைத்தார், ஒருவர் சிரித்தார், ஒரு அக்கா மட்டும் "நாலு நாள் ஆச்சு தம்பி, இன்னிக்கு வேணாம், அவரைக்காய் எடுத்துக்க" என்றார். அந்த அக்காவிடம்தான் இன்றுவரை வாங்குகிறேன்.

தென்னை நார்க் கட்டியைக் கழுவாமல் போடுவது

உப்பு இருக்கும். டீ நிறத்தில் வடிகிற தண்ணீர் வெளுக்கும் வரை அலசுங்கள், குறைந்தது மூன்று தடவை.

பத்து மணிக்குச் சந்தைக்குப் போய்க் காய் சரியில்லை என்பது

ஆறரைக்குப் போங்கள்.

சித்திரையில் தொடங்குவது

வேண்டாம். பச்சை வலை கட்டினாலும் நாற்று வதங்கும். பழைய ரகக் கொடி அவரையை அப்போது போட்டால் கொடி மட்டும் மாடி முழுக்கப் படரும், பகல் பொழுது குறையும் வரை பூக்காது. ஆடிப்பட்டத்துக்குக் காத்திருங்கள். அதுவரைக்கும் பையில் காசு, கையில் கூடை.