எல்லாமே ‘சூடு’ இல்லைங்க: மாதவிடாய் நிற்கும் வயதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோபி பக்கம் தோட்டத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு, தீட்டு நின்று இரண்டு வருடம் கழித்து ஒருநாள் சேலையில் சின்னதாக ரத்தக்கறை பட்டது. “மஞ்சக் காட்டுல வெயில்ல நின்னது சாமி, சூடு” என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துவிட்டு வேலையைப் பார்த்தார். மறுமாதமும் பட்டது. எங்களிடம் வாய் திறக்கவே நான்கு மாதம் ஆகிவிட்டது. பரிசோதித்ததில் கர்ப்பப்பையின் உள்சவ்வில் புற்றுநோய், ஆரம்ப நிலை. அறுவை சிகிச்சை முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். ஆனாலும் அந்த நான்கு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு கலங்கும்.

அதனால் பெரிய தவறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து 12 மாதம் தீட்டு வராமல் இருந்தால்தான் மாதவிடாய் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்கப்புறம் ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலானவர்களுக்குச் சவ்வு மெலிந்துபோனது, சதை வளர்ந்தது என்று சாதாரணக் காரணமாகவே இருக்கும். சுமார் பத்தில் ஒருவருக்குப் புற்றுநோயாக இருக்கிறது. அந்த ஒருவர் யார் என்பதை ஸ்கேனும், தேவைப்பட்டால் உள்சவ்வில் துளி எடுத்துச் செய்யும் சோதனையும்தான் சொல்லும். வெந்தயம் சொல்லாது.

இந்தச் ‘சூடு’ என்ற சொல்லை நாம் எதற்குத்தான் சொல்வதில்லை? திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு வயது 47. பீஸைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து குப்பென்று ஓர் அனல் கழுத்துக்கு ஏறும், முகம் சிவக்கும், ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கி உடம்பு சில்லென்று ஆகும். ராத்திரியில் இதே கதை நாலு தடவை. உடம்புச் சூடு என்று கொள்ளுப் பருப்பையே நிறுத்திவிட்டார்.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கிக் குறையும்போது, உடம்பின் வெப்பத்தைச் சரிபார்க்கும் மூளையின் பகுதி சின்ன மாற்றத்துக்கும் பதறி வியர்வையைத் திறந்துவிடுகிறது. அந்த அனல் அதுதான். கொள்ளை நிறுத்தி ஈஸ்ட்ரோஜன் கூடப் போவதில்லை. புரதம் அதிகம் வேண்டிய வயதில் நல்ல புரதம் ஒன்று தட்டை விட்டுப் போனதுதான் மிச்சம். எது தனக்கு அனலைக் கிளப்புகிறது என்று காலண்டரில் குறித்துப் பார்க்கச் சொன்னேன். பதினோரு மணி டீயும், காற்றில்லாத மூலையில் உட்காருவதும்தான் அவருக்கு. ஒருவருக்கு இருப்பது இன்னொருவருக்கு இருக்காது, அதனால் அவரவர் குறித்துத்தான் பார்க்க வேண்டும்.

“கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுட்டு இருந்தாச் சரியாப் போயிரும்” என்பது அடுத்த தவறு. இந்த அனல் பலருக்கு ஏழு வருடம்கூட நீள்கிறது. ஏழு வருடம் தூக்கம் கெட்டால் மனுஷி என்ன ஆவாள்? கோபமும் அழுகையும் மறதியும் குணக்கேடு என்று வீட்டார் பேசுவதைக் கேட்டால் எனக்குப் பொறுக்காது. அதே சமயம் படபடப்பு, சோர்வு, எடை கூடுவது எல்லாவற்றையும் இந்தக் கணக்கிலேயே எழுதிவிடவும் கூடாது. தைராய்டும் ரத்தசோகையும் இதே வேஷத்தில் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இந்தியாவில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47. நாற்பதுக்கு முன்பே நின்றால் கட்டாயம் காரணம் பார்க்க வேண்டும்.

நிற்பதற்கு முந்தைய வருடங்களில் சிலருக்கு ரத்தம் கட்டி கட்டியாகப் போகும். “எடுத்துட்டா நிம்மதி” என்று கர்ப்பப்பையை எடுக்க நாமே கேட்கிறோம். மாத்திரையும், கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமும் பலருக்குப் போதும். எடுத்தே ஆக வேண்டுமென்றால், சினைப்பைகளையும் சேர்த்து எடுக்கப் போகிறார்களா, ஏன் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் மாதவிடாய் நிறுத்தம் ஒரே நாளில் வந்து இறங்கும்; அனலும் எலும்புத் தேய்மானமும் கூடவே வரும்.

அனலுக்கு மருத்துவர் எழுதும் ஹார்மோன் மாத்திரை என்றாலே புற்றுநோய் என்ற பயம் 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து பரவியது. அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள், அனல் தாங்க முடியாமல் இருக்கும் ஆரோக்கியமான பெண்களுக்கு நன்மையே அதிகம் என்று பின்னால் தெளிவாயிற்று. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்கு இது ஆகாது. யாருக்கோ எழுதிய சீட்டை வைத்து மருந்துக்கடையில் வாங்கவே கூடாது.

எலும்பு விஷயம் நமக்குத் தெரிந்ததுதான்: ராகி, எள், நடை, கொஞ்சம் வெயில். தோட்ட வேலை விட்டுப்போனவர்கள் எடை தூக்கிப் பழகுவதும் நல்லது.

கடைசியாக, யாரும் பேசாத ஒன்று. பிறப்புறுப்பு வறண்டு எரியும், உறவு வலிக்கும், அடிக்கடி சிறுநீர்க்கடுப்பு வரும். அங்கேயே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு இதற்கு நன்றாகக் கேட்கிறது, ரத்தத்தில் கலப்பதும் மிகக் குறைவு. ஆனால் மகன் வண்டியில் கூட்டிவந்து மருத்துவர் அறைக்குள்ளும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் எந்த அம்மா வாய் திறப்பார்? பெரியம்மாவுக்கு ஆறு மாதத்துக்கொருமுறை பரிசோதனை. உள்ளே நான் போகிறேன். தம்பி வாசலில் வண்டியிலேயே இருப்பான்.